பதினாலாயிரம் அண்ணன்மாரும் ஒரு அக்காவும்

நவி மும்பையின் சான்பாடாவில் தனியாக வாழும் ஒரு அக்காவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தரைத்தளத்தில் வாடகை அறை, ஒரு சக்கர நாற்காலி, மாலையில் நாலைந்து பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். அவருக்கு ஒரு தங்கை. கல்யாணமாகித் தாராவியில் இருக்கிறாள், ஓடியாடி வேலை செய்கிறவள். இருவரும் கற்பனைப் பாத்திரங்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாராவது ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு 'சரிபார்ப்பு' என்று அவர்களைத் தேடிக் கிளம்ப வேண்டாம். என் கற்பனை இத்தோடு சரி. இனி வரும் ரூபாய், விதி, தேதி எல்லாம் அரசாங்கங்கள் தாங்களே எழுதியவை. அவ்வளவு குரூரமாகக் கற்பனை செய்ய எனக்குத் திராணி கிடையாது.

2024 ஜூலையில் மகாராஷ்டிர அரசுக்குத் திடீரென்று தங்கைப் பாசம் பொங்கியது. அந்த நவம்பரில் சட்டமன்றத் தேர்தல் வந்தது தற்செயல். 'லாட்கி பஹின்', அதாவது செல்லத் தங்கை, என்று திட்டத்துக்குப் பெயர். 21 வயது முதல் 65 வயது வரை, குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டாத பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய். தாராவித் தங்கைக்குப் பணம் வந்தது. வரட்டும், அவளுக்கு வந்ததில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. பெண்கள் கையில் நாலு காசு சேர்வதைப் பார்த்து வயிறெரிகிறவர்களுக்கு வேறு பத்திரிகைகள் இருக்கின்றன.

சான்பாடா அக்காவும் மனுப் போட நினைத்தார். விதி குறுக்கே படுத்துக்கொண்டது. வேறு ஏதாவது அரசுத் திட்டத்தில் மாதம் 1,500 அல்லது அதற்கு மேல் வாங்குகிறவர் லாட்கி பஹினில் சேர முடியாது. அக்காவோ 'சஞ்சய் காந்தி நிராதார்' திட்டத்தில், மாற்றுத்திறனாளி என்ற கணக்கில், 2023 முதல் அதே 1,500 ரூபாயை வாங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது கழித்தல் கணக்குப் போடுங்கள். தங்கை பெண்ணாக இருப்பதற்கு 1,500. அக்கா பெண்ணாகவும் இருந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமலும் இருப்பதற்கு 1,500. ஆக, நடக்க முடியாத இரண்டு கால்களுக்கு மாநில அரசு போட்ட விலை சுழியம். டியூஷனுக்கு வரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட இந்தக் கணக்கைப் பிசகாமல் போட்டுவிடும்.

இன்னும் இருக்கிறது. தங்கை வீட்டு வருமானம் இரண்டரை லட்சம் வரை போகலாம். அக்காவுக்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 50,000. மாதத்துக்கு 4,166 ரூபாய் சொச்சம். இரண்டு காலும் நடப்பவளைவிட, நடக்க முடியாதவர் ஐந்து மடங்கு ஏழையாக இருந்தால்தான் அரசு அவரை நம்பும். சிறுநீர்க் குழாய், படுக்கைப்புண் வராமலிருக்க மெத்தை, காலையில் எழுப்பிக் குளிப்பாட்ட வரும் பெண்ணுக்குச் சம்பளம், பஸ்ஸில் ஏற முடியாததால் ஆட்டோ என்று செலவு யாருக்கு அதிகமோ அவருக்கு வருமானம் குறைவாக இருக்க வேண்டும். பொருளாதார சாஸ்திரத்துக்கு மகாராஷ்டிரம் அளித்த கொடை இது. டியூஷனுக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்துவிட்டால் அக்கா பணக்காரி, உதவித்தொகை நின்றுபோகும். சொந்தக் காலில் நில் என்று மேடைதோறும் முழங்குகிற அரசாங்கம், உண்மையிலேயே நின்றுவிடப் போகிறார் என்று தெரிந்ததும் நாற்காலியை உருவிக்கொள்கிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 24-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. மற்றவர்களுக்கு ஒரு திட்டத்தில் எவ்வளவு கொடுக்கிறீர்களோ, அதே மாதிரித் திட்டத்தில் மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகக் கொடுங்கள் என்கிறது. தங்கைக்கு 1,500 என்றால் அக்காவுக்கு 1,875. வித்தியாசம் மாதம் 375. லாட்கி பஹின் தொடங்கிய 2024 ஜூலையிலிருந்து, அக்காவின் தொகை உயராமலே கிடந்த 2025 செப்டம்பர் வரை 15 மாதம். பெருக்கினால் 5,625 ரூபாய். இந்த இரண்டும் 'ஒரே மாதிரித் திட்டங்கள்' அல்ல என்று அரசு வக்கீல் எழுந்து வாதாடுவார், தெரியும். அதற்கு அவர் வாங்கும் ஃபீஸ் 5,625-ஐவிட நிச்சயம் அதிகம்.

அதே சட்டப் பிரிவின் முதல் வரியில் ஒரு பொந்தும் வைத்திருக்கிறார்கள்: அரசு தன் 'பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு' திட்டம் தீட்ட வேண்டுமாம். அரசாங்கத்துக்கும் ஒரு ஊனம் உண்டு, அதற்கும் சலுகை வேண்டும் என்று நாடாளுமன்றமே எழுதிக்கொடுத்த சான்றிதழ் அது. அக்காவின் சான்றிதழில் சதவீதம் எழுதியிருக்கிறது. இதில் அதுவும் இல்லை.

இந்தப் பாசத் திட்டத்தில் வந்த சொந்தபந்தங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025-இல் அரசே சல்லடை போட்டுப் பார்த்தபோது 14,298 ஆண்கள் லாட்கி பஹின் பணம் வாங்கியிருந்தது தெரியவந்தது. கைமாறிய தொகை 21 கோடியே 44 லட்சம். மீசை வைத்த பதினாலாயிரம் அண்ணன்மார் ஆன்லைனில் மனுப் போட்டு, கணினி அதை ஏற்று, மாதாமாதம் அவர்களைத் தங்கை என்று கூப்பிட்டுப் பணம் அனுப்பியிருக்கிறது. யாரும் அவர்களை மருத்துவ வாரியத்தின் முன்னால் நிறுத்தி, 'பெண்மை எத்தனை சதவீதம், 40-க்கு மேல் தேறுமா' என்று கேட்கவில்லை.

சான்பாடா அக்காவைக் கேட்டார்கள். ஊனச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார், அந்த ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு, மகாராஷ்டிரத்தில் 15 வருடம் குடியிருந்ததற்கு அத்தாட்சி. அந்தக் கடைசிக் காகிதம் என்னவென்று தாராவித் தமிழனைக் கேளுங்கள். மூன்று தலைமுறையாக இங்கே தோல் பதனிட்டு, இட்லி விற்றுப் பிழைத்த குடும்பத்திலும், ஒண்டுக்குடித்தனத்துக்கு யார் பேரில் என்ன ரசீது இருந்தது என்று சொல்லத் தெரியாது. இத்தனையும் கொடுத்து மஞ்சூர் ஆன பிறகு, ஆண்டுக்கொருமுறை 'ஹயாத் தாக்லா'. உயிரோடு இருக்கிறேன் என்பதற்குச் சான்றிதழ். சான்பாடா நவி மும்பை மாநகராட்சியில் இருந்தாலும் தாலுகா கணக்கில் தாணே. தாசில்தார் அங்கேதான் இருக்கிறார். ரயில் தூரம் அதிகமில்லை. பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் தூரம். லோக்கலில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனி டப்பா உண்டு. அது வந்து நிற்கும் இடத்தில் பார்வையற்றவர்களுக்காக 'பீப், பீப்' என்று ஒலிக்கும் கருவியும் உண்டு. அந்தச் சத்தத்தைக் கேட்டு முதலில் ஓடி வருகிறவர்கள் கண்ணும் காலும் திடமான ஆபீஸ்காரர்கள் என்பது அந்த டப்பாவில் போய்வருகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மருத்துவ வாரியங்களின் கறார் இப்போது கூடியிருக்கிறது. காரணமும் உண்டு. 2024-இல் புணேயில் ஒரு பயிற்சி இ.ஆ.ப. அதிகாரியின் ஊனச் சான்றிதழ் விவகாரம் நாடு முழுக்க நாறியது. மத்திய தேர்வாணையம் அவர் தேர்வையே ரத்து செய்தது. அவர் தம் தரப்பை நீதிமன்றத்தில் பேசிக்கொள்ளட்டும். எனக்கு விளங்காதது, சந்தேகம் மேலேயிருந்து கீழே எப்படி இவ்வளவு வேகமாக உருண்டு வருகிறது என்பதுதான். மேலே அந்த அதிகாரியின் கார்மீது சிவப்பு விளக்கு சுழன்றதற்கு, கீழே ஆயிரக்கணக்கான சக்கர நாற்காலிகளை மறுபடியும் மருத்துவமனை வராந்தாவில் வரிசையில் நிறுத்துகிறார்கள். வெட்டி எடுத்த கால் மறுபடி முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா?

சரி, மாநிலத்தை விடுங்கள். மத்திய அரசின் தாராளத்துக்கு வருவோம்.

இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் உதவித்தொகை. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஊனம் 80 சதவீதம் இருக்க வேண்டும். 79 என்றால் எழுந்து நடக்கலாம். இந்த இரட்டைத் தகுதி வாய்த்த பாக்கியசாலிக்கு மத்திய அரசு மாதம் 300 ரூபாய் தருகிறது. நாளைக்குப் பத்து. நவி மும்பையில் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால் மீட்டர் 26-இல் ஆரம்பிக்கிறது. பத்து ரூபாய்க்கு முழு வடாபாவ் வராது. பாவ் வரும், வடையைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

300 ரூபாய் 2012-இல் நிர்ணயித்தது. அன்றிலிருந்து ஒரு பைசா குறைக்கவில்லை என்று அரசு தைரியமாகச் சொல்லலாம், பொய்யில்லை. இங்கேதான் நம் நிதியமைச்சகங்களின் கைவண்ணத்தை ரசிக்க வேண்டும். 2012-இன் விலைவாசியை 100 என்று வைத்து அரசே வெளியிட்டுவந்த குறியீடு 2025-இல் 190-ஐத் தாண்டிவிட்டது. அன்றைய 300 ரூபாய் இன்று ஏறக்குறைய 155 ரூபாய்ச் சாமான்தான் வாங்கும். கத்தியே எடுக்காமல், ரத்தமே சிந்தாமல், யார் கையெழுத்தும் இல்லாமல் பாதி வெட்டியாயிற்று. வெட்டு என்று தலைப்புப் போட்டால்தானே பத்திரிகைக்காரன் எழுதுவான்? தொகையை அப்படியே போட்டுவைத்துவிட்டால் வெங்காயமும் வாடகையும் வந்து வெட்டிக்கொள்ளும். ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இந்தத் தொகையை உயர்த்துங்கள் என்று திரும்பத் திரும்ப எழுதிவிட்டது. குழு எழுதும், அரசு குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்புக்கும் குறியீட்டுக்கும் உறவு கிடையாது.

விலைவாசி என்றால் என்னவென்றே அரசுக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். 2025 மார்ச்சில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் மாதச் சம்பளம் ஒரு லட்சத்திலிருந்து 1,24,000 ஆனது. பணவீக்கக் குறியீட்டோடு கட்டி, ஐந்தாண்டுக்கொருமுறை தானாக ஏறும்படி 2018-லேயே சட்டம் செய்துகொண்டார்கள். அதுவும் 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டு, அரியரோடு. மாண்புமிகு உறுப்பினர்கள் மார்க்கெட்டுக்குப் போனால் தக்காளி விலை ஏறியிருக்கிறது. 80 சதவீத ஊனமுள்ளவர் போகும் மார்க்கெட்டில் மட்டும் இன்னும் 2012 நடக்கிறது.

வெளிப்படையான வெட்டும் உண்டு. கட்டடங்களில் சாய்தளம், லிஃப்ட், பார்வையற்றோருக்கு வழிகாட்டும் தரை, இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்றுவது ஆகியவற்றுக்கெல்லாம் மத்திய அரசு பணம் தருவது மாற்றுத்திறனாளிகள் சட்ட அமலாக்கத் திட்டத்தின் வழியாக. 2022-23 பட்ஜெட்டில் இதற்கு 240 கோடியே 39 லட்சம். அடுத்த ஆண்டு 150 கோடி. அதற்கடுத்து 135 கோடி. 2025-26-இல் 115 கோடியே 10 லட்சம். படிப்படியாக இறங்குகிறது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கு ஆகாத அதே படி. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அதற்குப் பிறகு எண்ணவும் இல்லை. பங்கு போட்டால் தலைக்கு ஆண்டுக்கு 43 ரூபாய். இந்தத் திட்டத்தை நடத்தும் மத்தியத் துறைக்கே அந்த ஆண்டு மொத்த ஒதுக்கீடு 1,275 கோடி. மத்திய பட்ஜெட் 50 லட்சம் கோடிக்கு மேல். நூறு ரூபாயில் இரண்டரைக் காசு. 25 காசு நாணயத்தையே 2011-இல் செல்லாததாக்கிய நாட்டில் இரண்டரைக் காசை யார் கையில் எப்படிக் கொடுப்பது என்ற சிரமமும் இருக்கத்தான் செய்யும்.

இந்த வெட்டு நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான், 2024 நவம்பர் 8-இல், ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: அணுகல் வசதி என்பது அரசு தன் விருப்பம்போலச் செய்யும் தர்மம் கிடையாது, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுத்துக் கொண்டுவாருங்கள். நீதிமன்றம் கட்டாயம் என்றது பிப்ரவரிக்குள். பிப்ரவரியில் வந்த பட்ஜெட், அந்த அமலாக்கத் திட்டத்தில் இருபது கோடியைக் குறைத்தது. ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதில்லை போலும்.

இன்னொரு பழைய கதையையும் மறக்க முடியாது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது குங்குமம், பொட்டு, வளையலுக்கு வரி இல்லை. சக்கர நாற்காலிக்கும் பிரெய்லி தட்டச்சுப் பொறிக்கும் 5 சதவீதம். மாற்றுத்திறனாளிகள் கொதித்தெழுந்ததும் நிதியமைச்சகம் விளக்கம் வெளியிட்டது. வரியே போடாவிட்டால் உதிரிப்பாகங்களுக்குக் கட்டிய வரியை உற்பத்தியாளர் திரும்பப் பெற முடியாமல் போய் விலை கூடிவிடுமாம். ஆகவே வரி போட்டது உங்கள் நன்மைக்குத்தான் என்றது. வாதத்தில் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் பொட்டுக்கும் உதிரிப்பாகங்கள் உண்டே, அங்கே அந்தக் கருணை ஏன் பெருகவில்லை என்று அன்றைக்கு யாரும் விளக்கவில்லை.

இத்தனை வெட்டையும் தாங்கிக்கொண்டு இந்த நாட்டில் மாற்றுத்திறனாளிகள் எப்படி உயிரோடு இருக்கிறார்கள்? ரகசியம் ஒன்றுமில்லை. இந்தியாவின் மிகப்பெரிய ஊனமுற்றோர் நல ஒதுக்கீடு எந்த பட்ஜெட் புத்தகத்திலும் அச்சாவதில்லை. அதன் பெயர் அம்மா. சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை, ஓய்வூதியம் இல்லை, குறியீடும் இல்லை. காலையில் தூக்கி உட்காரவைப்பது, கழுவிவிடுவது, நாலு மாடி தூக்கிக்கொண்டு இறங்குவது எல்லாம் அவள் கணக்கு. அவளுக்கு முதுகு விட்டுப்போனால் அக்காவோ தங்கையோ அண்ணியோ அந்த இடத்துக்கு வருவார்கள். செம்பூரிலோ பாந்த்ராவிலோ சிறப்புப் பள்ளிகளின் வாசலில் காத்திருக்கும் அம்மாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: "நான் போனப்புறம் இவளை யார் பார்த்துக்குவாங்க?" நிதியமைச்சகத்தைப் பொறுத்தவரை அது கேள்வியே கிடையாது. அவள் போகும்வரை மிச்சம்.

சான்பாடா அக்கா செய்த குற்றம் இந்த இலவச ஒதுக்கீட்டை வேண்டாமென்று விட்டு வந்ததுதான். அம்மாவுக்குப் பாரமாகவும், தங்கை வீட்டில் ஒரு மூலையாகவும் இருக்க மாட்டேன், என் வீட்டுச் சாவி என் கையில் இருக்கும், எப்போது சாப்பிடுவது யார் உள்ளே வருவது என்று நானே முடிவு செய்வேன் என்று கிளம்பி வந்தார். சட்டத்தின் 5-ஆவது பிரிவு அந்த உரிமையைச் சொல்கிறது. 2007-இல் இந்தியா கையெழுத்திட்டு ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது. யாரோடு எங்கே வாழ்வது என்பது அவரவர் தேர்வு, அதற்கு வேண்டிய ஆள் உதவியை அரசு தர வேண்டும் என்கிறது. ஆள் உதவி என்று வந்ததும் நம் அரசு சுற்றுமுற்றும் பார்க்கிறது: ஏன், வீட்டில் யாரும் இல்லையா?

வாஷியில் நவி மும்பை மாநகராட்சி நடத்தும் மாற்றுத்திறனாளிகள் பயிற்சி மையம் பேர் சொல்லும்படியான மையம். நாட்டின் பல மாநகராட்சிகள் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். சிறப்புக் குழந்தைகளுக்கு அங்கே நல்லது நடக்கிறது. அந்தக் குழந்தை முப்பது வயதானால் என்ன என்பதுதான் நம் திட்டங்களின் தலையில் ஏறாத சங்கதி. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் வாடகை கொடுப்பார், காதலிப்பார், ராத்திரி பதினோரு மணிக்கு பாம் பீச் ரோட்டில் காற்று வாங்க ஆசைப்படுவார் என்று எந்தக் கோப்பிலும் குறிப்பு இல்லை. ஆசைப்பட்டாலும் நடைபாதையில் ஏற வேண்டுமே. மும்பையில் இருசக்கர வாகனங்கள் ஏறிவிடாமல் தடுக்க நடைபாதை வாயில்களில் குட்டித்தூண்களை நெருக்கமாக நட்டுவைத்து, சக்கர நாற்காலியை வெற்றிகரமாகத் தடுத்தார்கள். அப்படித் தடுக்கப்பட்ட ஒருவர் எழுதிய கடிதத்தை வைத்து 2023-இல் உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு நடத்த வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிள்காரன் வழக்கம்போல வேறு சந்து கண்டுபிடித்து ஏறிப் போய்விட்டான்.

பணம் இல்லாமலா இதெல்லாம்? 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது 21.8 கிலோமீட்டர், செலவு 17,840 கோடி. நாட்டிலுள்ள எல்லா மாற்றுத்திறனாளிகளுக்குமான மத்தியத் துறை ஒதுக்கீட்டைப் போலப் பதினான்கு மடங்கு. பாலத்தில் இருசக்கர, முச்சக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பக்கச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டரில் போகும் மாற்றுத்திறனாளி பாலத்தைப் படத்தில் பார்த்துப் பெருமைப்படலாம். நாக்பூரிலிருந்து கோவாவுக்கு சக்திபீட நெடுஞ்சாலை, திட்ட மதிப்பு 86,300 கோடி. 2025 ஜூனில் நிலம் எடுக்கவும் ஆரம்ப வேலைக்கும் 20,787 கோடி மஞ்சூர். அதே ஜூனில் அமராவதி மாவட்டத்தின் குருகுஞ்ச் மோஜ்ரியில் முன்னாள் அமைச்சர் பச்சு கடு, விவசாயக் கடன் தள்ளுபடியோடு மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 6,000 ரூபாயும் கேட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அவருக்குக் குழு அமைத்து, வாக்குறுதி கொடுத்து, எழுப்பிவிட்டார்கள். செப்டம்பரில் அமைச்சரவை கூடி 1,500-ஐ 2,500 ஆக்கியது. 6,000 கேட்டவனுக்கு 2,500. அக்காவின் கால்களுக்கு முதன்முறையாக ஒரு விலை கிடைத்தது: ஆயிரம் ரூபாய், காலுக்கு ஐந்நூறு.

ஒரு பிரிவினரின் பையிலிருந்து எடுத்து இன்னொரு பிரிவினரின் பையில் போடும் வித்தையும் நடந்தது. 2025 மே மாதம் லாட்கி பஹின் தவணைக்காக சமூக நீதித்துறையின் பட்டியல் சாதியினர் நிதியிலிருந்து 410 கோடியும், பழங்குடியினர் நலத்திலிருந்து 335 கோடியும் திருப்பிவிடப்பட்டன. நிராதார் உதவித்தொகையைப் பட்டுவாடா செய்வதும் அதே சமூக நீதித்துறைதான். அதன் அமைச்சர் சஞ்சய் ஷிர்சாட்டே பொறுக்க முடியாமல், இந்தத் துறை வேண்டாமென்றால் மூடிவிடுங்கள் என்று பத்திரிகையாளரிடம் வெடித்தார். வெடித்தவர் பதவியில் நீடித்தார், துறையும் நீடித்தது, பணம்தான் போய்விட்டது.

வெளிநாட்டில் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லப்போவதில்லை. பிரிட்டனில் கடுமையான ஊனமுள்ளவர்கள் தங்களுக்கு உதவியாளர் வைத்துத் தனியாக வாழ்வதற்கென்றே 1988-இல் ஒரு நிதி தொடங்கினார்கள். 2015 ஜூன் 30-இல் சிக்கனம் என்று சொல்லி மூடினார்கள். மூடுவதற்குச் சில நாள் முன்னால் சக்கர நாற்காலிக்காரர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து, அவை நடக்கும் மண்டபத்தின் வாசல்வரை போனார்கள். அடுத்த ஆண்டு ஐ.நா. குழு விசாரித்து, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளை பிரிட்டன் கடுமையாக மீறியிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. 2025-இல் தொழிற்கட்சி அரசு மறுபடி உதவித்தொகையில் கைவைக்கப் பார்த்தது. சொந்தக் கட்சி உறுப்பினர்களே கலகம் செய்ய, ஜூலை 1-இல் முக்கியமான வெட்டைக் கைவிட்டது. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் மாற்றுத்திறனாளிகளுக்காகத் தங்கள் அரசையே மிரட்டுவது! நம் ஊரில் அப்படி ஒரு காட்சியை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அங்கே வெட்டுவதற்கு ஒரு நிதியாவது இருந்தது. நமக்கு அப்படி ஒன்று பிறக்கவே இல்லை. பிறக்காததை மூட முடியாது என்பது நம் நிதியமைச்சர்களின் நிரந்தரப் பாதுகாப்பு.

ஊர்ப்பக்கம் போய்விடலாமா என்று அக்கா யோசிக்கலாம். தமிழ்நாட்டில் பராமரிப்பு உதவித்தொகை 2,000. மாற்றுத்திறனாளிகள் சங்கத்தார் ஆந்திரத்தைப் போல 6,000 கேட்டுச் சாலையில் உட்காருவார்கள், போலீஸ் வேன் வந்து அள்ளும். வேனில் ஏறப் படி மட்டும் உயரம். ஆந்திரத்தில் 2024 ஜூலையிலிருந்து உண்மையிலேயே 6,000. ஓராண்டு கழித்து மறுபரிசோதனை நடத்தி, உங்கள் ஊனம் போதாது என்று பெரும் எண்ணிக்கையில் நோட்டீஸ் அனுப்பினார்கள். கொடுத்த கை சும்மா இருக்காது.

ஆகவே அக்கா சான்பாடாவிலேயே இருக்கட்டும். அவருக்காகக் கண்ணீர் வேண்டாம். கண்ணீரை மகளிர் தினத்துக்கும் டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கும் அரசே மொத்தமாகக் கொள்முதல் செய்துவிடுகிறது. உங்களிடம் நான் கேட்பது வேறு. நவி மும்பையில் 2020-க்குப் பிறகு நகரசேவகர் என்கிற கவுன்சிலரே இல்லாமல் நிர்வாகி ஆட்சி நடந்து, 2026 ஜனவரி 15-இல்தான் மாநகராட்சித் தேர்தல் நடந்தது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர்க்காரர்களுக்கும் அதே நாளில். ஓட்டுக் கேட்டு நம் சங்கங்களுக்கு வந்து, 'வணக்கம்' என்று ஒரு தமிழ் வார்த்தை சொல்லிக் கைதட்டு வாங்கிப் போனவர்கள் இப்போது பதவியில் இருக்கிறார்கள். மாநகராட்சிகள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிச் செலவிட வேண்டும் என்பது மகாராஷ்டிர அரசின் உத்தரவு. ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, அதில் தனியாக வாழ்பவருக்கு உதவியாளர் வைக்க எவ்வளவு போனது என்று மூன்று வரியில் எழுதிக் கேளுங்கள். வாயால் பதில் சொன்னால் வாங்காதீர்கள். நகரசேவகர் நழுவினால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய்.